பாய்மரக் கம்பிகளைக் கரையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்

மதுரையிலிருந்து சிறிய பாய்மரப் படகை வண்டியில் ஏற்றி மண்டபம் கடற்கரைக்குக் கொண்டுசெல்பவர்கள், பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தியதும், அதிலிருந்து படகின் முன்முனைக்கு வரும் முன்கம்பியைப் பூட்டி மரத்தின் முன்பின் சாய்வை அமைத்த பிறகே, பக்கக் கம்பிகளின் டர்ன்பக்கிள்களை (கம்பியை இறுக்கும் திருகு இணைப்புகளை) இருபுறமும் மாறிமாறி ஒரே அளவு திருக வேண்டும். மரம் பக்கவாட்டில் சாயாமல் நேராக நிற்கிறதா என்பதில் கண்ணளவை நம்பாதீர்கள். பாய் ஏற்றும் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, படகின் இரு விளிம்புகளிலும் நேரெதிரான புள்ளிகள் வரை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மிதமான காற்றில் படகு சாய்ந்து ஓடும்போது, காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறக் கம்பி லேசாகத் தளர்வது இயல்புதான். தொங்கி ஆடினால் இறுக்கம் போதாது. கம்பிகளில் அறுந்த இழைகளை வெறுங்கையால் தடவித் தேடாமல் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். ஓரிடத்தில் துணி சிக்கினாலும் அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது உப்புநீரை 304 தரத்தைவிட நன்றாகத் தாங்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகையே கேளுங்கள். டர்ன்பக்கிள்களில், திருகு கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் மாட்டாமல் படகை நீரில் இறக்கவே கூடாது.