விசா கையில் இருந்தால் மட்டும் என்ஆர்ஐ ஆகிவிட முடியாது: வரி ரீஃபண்டில் நாம் கோட்டை விடும் இடங்கள்

விமானம் ஏறிய அன்றே நாம் என்ஆர்ஐ (வரிக் கணக்கில் இந்தியாவில் குடியிராதவர்) ஆகிவிட்டதாகத்தான் பெரும்பாலானோர் நினைத்துக்கொள்கிறோம். விசா, லேபர் கார்டு, கம்பெனியின் ஆஃபர் லெட்டர் இதையெல்லாம் வருமான வரித் துறை முதலில் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதுதான் அதன் கேள்வி. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை எண்ணிவிட்டுக் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு சிங்கப்பூர் வரிக்கு உதவும், இங்கே செல்லாது.

கிளம்பும் ஆண்டிலிருந்து ஆரம்பிப்போம். இந்தியக் குடிமகன் வேலைக்காக வெளிநாடு போகும் ஆண்டில் எல்லைக்கோடு 182 நாள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணினால் 183 நாள் வரும். ஆக செப்டம்பர் 28 கிளம்பினால் 181 நாள், அந்த ஆண்டுக்கு நீங்கள் என்ஆர்ஐ. ஒரு நாள் தள்ளி 29 கிளம்பினால் 182, நீங்கள் இங்கே குடியிருப்பவர், அந்த ஆறு மாத வெளிநாட்டுச் சம்பளத்தையும் இந்திய ரிட்டர்னில் (வருமான வரிக் கணக்குத் தாக்கலில்) காட்டியாக வேண்டும். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல்தானே கிளம்புகின்றன? டிக்கெட்டில் 29 அதிகாலை 1.10 என்று இருக்கும், இமிக்ரேஷன் முத்திரை 28 இரவு 11 மணிக்கே விழுந்திருக்கும், அல்லது வரிசை நீளமாக இருந்தால் 12.05க்கு விழும். ஒரு வருட வரி அந்த வரிசையின் நீளத்தில் தொங்குவது வேடிக்கைதான். கிளம்பும் நாள், வந்திறங்கும் நாள் இரண்டையும் இந்திய நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். சேருகிற தேதியைப் பேசி முடிவு செய்ய முடியுமென்றால் பத்து நாள் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.

போகும்போது இவ்வளவு யோசிப்பவர்கள்கூடத் திரும்பும்போது யோசிப்பதில்லை. உண்மையில் பெரிய குழி அங்கேதான் இருக்கிறது.

182 தவிர இன்னொரு விதியும் உண்டு: ஒரு நிதியாண்டில் 60 நாள், அதோடு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்தால் குடியிருப்பவர்தான். வேலைக்குக் கிளம்பும் ஆண்டிலும் விடுமுறைக்கு வந்துபோகும் ஆண்டுகளிலும் இந்த 60க்குப் பதில் 182 என்ற சலுகை இருப்பதால் இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒருவர் 2023 ஆகஸ்டில் துபாய் போகிறார், கம்பெனி ஆள் குறைக்கிறது, 2026 ஜனவரி 15 அன்று மூட்டை முடிச்சோடு ஊர் திரும்புகிறார். ஜனவரியில் 17, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, மொத்தம் 76 நாள். முந்தைய 4 ஆண்டுகளில் முதல் இரண்டும் முழுக்க இந்தியாவில் கழிந்தவை, 365 எப்போதோ தாண்டிவிட்டது. வந்தது விடுமுறைக்கு இல்லை, நிரந்தரமாக. எனவே அந்த நிதியாண்டு முழுமைக்கும் அவர் குடியிருப்பவர். ஏப்ரலிலிருந்து துபாயில் வாங்கிய சம்பளம் இந்திய வரிக் கணக்குக்குள் வந்து நிற்கும். அங்கே வருமான வரியே கட்டாததால் இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் ஏதாவது வழி கிடைக்குமா என்று ஆடிட்டரைப் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான். இதே மனிதர் பிப்ரவரி 1 வந்திருந்தால் 59 நாள், பிரச்சினையே இல்லை. (நடுவில் தீபாவளிக்கு வந்துபோன பத்து நாளையும் இதில் சேர்க்க வேண்டும், அதை மறப்பவர்கள் அதிகம்.)

பத்துப் பதினைந்து வருடம் வெளியிலேயே இருந்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு என்ஆர்ஐயாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729ஐத் தாண்டாவிட்டாலோ, என்ஆர்ஐக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் ஒரு நிலை கிடைக்கும். அந்த நிலை இருக்கும் வரை வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது.

இந்தியாவில் மட்டுமே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் விடுமுறைக்கு வரும்போது 182ஐ நம்பக் கூடாது, அவர்களுக்கு 120 நாள்தான். நம்மில் பலருக்கு அந்தக் கவலை இல்லை. 2020 பட்ஜெட்டின்போது வளைகுடாச் சம்பளத்துக்கெல்லாம் வரி என்று வாட்ஸ்அப்பில் ஒரு பீதி ஓடியது, அரசே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அது இன்னும் சில குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, விட்டுத்தள்ளுங்கள்.

சரி, கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்ப வாங்கும் ரீஃபண்டுக்கு வருவோம். வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) மாற்ற வேண்டும் என்பது சட்டம். பலர் மாற்றுவதில்லை. அதைவிட மோசம், எஃப்டி எனும் வைப்புத்தொகையின் வட்டியில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கக் கூடாதென்று அப்பா வருடாவருடம் மகன் பெயரில் ஃபாரம் 15ஜி எழுதி வங்கியில் கொடுத்துக்கொண்டிருப்பார். அது குடியிருப்பவர்களுக்கான படிவம், என்ஆர்ஐ கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. ஒழுங்காக என்ஆர்ஓவாக மாற்றினால் வட்டியில் செஸ்ஸோடு சேர்த்து 31.2% பிடித்துவிடுவார்கள். 5 லட்சம் எஃப்டி, 7% வட்டி என்றால் 35,000 ரூபாயில் 10,920 போய்விடும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம், பத்தாயிரமும் நம் பணம். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் அது திரும்பி வராது. 'சின்னத் தொகைதானே, யார் அலைவது' என்று மூன்று வருடம் விட்டால் 32,760.

விட்டதை அப்புறம் பிடிக்கலாம் என்பதும் தப்புக்கணக்கு. வழக்கமான கெடு ஜூலை 31, தாமதமாகத் தாக்கல் செய்ய டிசம்பர் 31. அதற்குப் பிறகு இருக்கும் அப்டேட்டட் ரிட்டர்ன் வரி கட்டுபவர்களுக்கு மட்டும்தான், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடும் வழி ஒன்று உண்டு. அதற்கும் 5 ஆண்டு வரம்பு இருக்கிறது, 'மறந்துட்டேன் சார்' என்பதைக் காரணமாக ஏற்பார்கள் என்று நம்பாதீர்கள்.

தாக்கல் செய்கிறவர்களும் எளிதாக இருக்கிறதே என்று ஐடிஆர்-1ஐ நிரப்பிவிடுகிறார்கள். என்ஆர்ஐக்கு அது கிடையாது, சம்பளம், வட்டி, வாடகை என்று இருப்பவர்களுக்கு ஐடிஆர்-2. '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற பட்ஜெட் தலைப்புச் செய்தியும் நமக்குச் சொன்னது இல்லை. அந்தத் தள்ளுபடி குடியிருப்பவர்களுக்குத்தான். புதிய வரி முறையில் என்ஆர்ஐக்கு வரியில்லா வரம்பு 4 லட்சம். வாடகையும் வட்டியுமாக 7 லட்சம் வருகிறதென்றால் இங்கே இருக்கும் தம்பிக்கு வரி பூஜ்யம், உங்களுக்கு 15,600. பங்கு லாபத்தை அந்த 4 லட்சத்துக்குள் அடக்கிக் காட்டும் வசதியும் என்ஆர்ஐக்கு இல்லை.

ஐடி கம்பெனி அனுப்பி ஆன்சைட் போனவர்களுக்குத் தனிச் சிக்கல். வேலை லண்டனில், சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும் சென்னைக் கணக்கில் விழுந்துகொண்டிருக்கும், கம்பெனி தரும் ஃபாரம் 16 சான்றிதழில் டிடிஎஸ்ஸும் இருக்கும். என்ஆர்ஐ ஆன பிறகும் முதன்முதலில் இந்தியாவில் கைக்கு வந்த பணத்துக்கு இங்கே வரி உண்டு என்பதே துறையின் பிடி. ஒப்பந்தத்தின்படி விலக்குக் கேட்டு ரீஃபண்ட் வாங்கலாம், ஆனால் அந்த நாட்டு வரி அலுவலகம் தரும் குடியிருப்புச் சான்றிதழும், அதோடு இங்கே தர வேண்டிய ஃபாரம் 10எஃப்பும் கையில் இல்லாமல் கேட்டால் நோட்டீஸ் வரும். சம்பளத்தை அங்கேயே வாங்கி அப்புறம் என்ஆர்இக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை வைக்கும் இந்திய வங்கிக் கணக்கு) அனுப்பினால் இந்தத் தகராறே கிடையாது. கப்பலில் இருக்கும் நம் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஆறுதலான விஷயம், என்ஆர்ஐ மாலுமியின் சம்பளம் நேராக என்ஆர்இக்கு வந்தாலும் அந்த ஒரே காரணத்துக்காக வரி போடக் கூடாது என்று 2017இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது.

ஊரில் மனை விற்பவர்கள் பத்திரத்துக்கு முன்பே குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 40 லட்சத்துக்கு விற்று லாபம் 10 லட்சம்தான் என்றாலும், சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்குபவர் முழுத் தொகைக்கும் 13% பிடித்து 5.2 லட்சத்தைக் கட்டிவிடுவார். உங்கள் வரி 1.3 லட்சம். மீதி 3.9 லட்சத்துக்கு ரீஃபண்ட் வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

'பத்து சதவீதம் கமிஷன், முழு ரீஃபண்ட்' என்று சொல்லும் ஏஜென்ட்களிடம் போகவே போகாதீர்கள். இல்லாத வீட்டுக் கடனையும் நன்கொடையையும் போட்டுத்தான் வாங்கித் தருகிறார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்டவர்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது. மாட்டினால் வட்டியும் அபராதமும் ரிட்டர்னில் பெயர் இருப்பவருக்குத்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, 182 நாள் கணக்கு மாறவில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் நான் சறுக்கிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஆதாரோடு பேனை இணைப்பதில் ஆதார் இல்லாத என்ஆர்ஐக்கு விலக்கு உண்டு, ஆனால் வரித் தளத்தில் நம் நிலையை என்ஆர்ஐ என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் பேன் செயலிழந்துவிடும், ரீஃபண்டும் வராது. என்னிடம் ஆதார் இருந்ததால் அதையும் இணைத்தேன், நிலையையும் பார்த்துப் பார்த்து மாற்றினேன். ரீஃபண்ட் வர வேண்டிய என்ஆர்ஓ கணக்கைத் தளத்தில் சரிபார்த்தும் வைத்தேன். ரிட்டர்னையும் அனுப்பினேன். 30 நாளுக்குள் அதை உறுதிசெய்ய ஆதார் ஓடிபி வேண்டும், அது போகும் சிம் ஊரில் அலமாரியில் இருந்த பழைய போனில். அம்மாவுக்குப் போன் போட்டு 'ஆறு நம்பர் வந்திருக்கா பாரும்மா' என்றால், 'அதுக்கு நீ ரீசார்ஜே பண்ணலையேப்பா, நம்பர் செத்துப் போய் நாலு மாசம் ஆச்சு' என்றார். அப்புறம் ஐடிஆர்-வி எனும் ஒப்புகைப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்குத் தபாலில் அனுப்பினேன், 27ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. இப்போது புது சிம் என்னோடு இங்கேயே ரோமிங்கில் இருக்கிறது, ரீசார்ஜ் தேதியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.