பழைய ஜீப் வாங்கப் போகிறவருக்கு

அப்பா ரப்பர் தோட்டத்தில் ஜீப் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் முக்கில் நின்றால், ரப்பர் ஷீட் நாற்றத்தோடு வரும் அந்த வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அந்தக் கிறுக்கு இன்னும் விடவில்லை. இதுவரை 7 ஜீப் வாங்கி 5 விற்றிருக்கிறேன். இரண்டில் லாபம், ஒன்றில் அசல். மற்ற இரண்டைப் பற்றி வீட்டில் பேச்செடுக்க முடியாது, அதனால் இங்கே சொல்கிறேன்.

ஜீப் பார்க்கப் போகிறவர்கள் போனவுடனே ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள். விற்கிறவனுக்கும் அதுதான் வேண்டும். எஞ்சின் டக் டக்கென்று ஓட ஆரம்பித்ததும் நமக்குக் கண் மறைத்துவிடும். எஞ்சினைக் கழற்றி லேத்தில் கொடுத்தால் பத்து நாளில் சரியாகி வரும். பேப்பரையும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் எந்த லேத்திலும் சரி பண்ண முடியாது. ஆகவே சாவியைக் கடைசியில் கேளுங்கள்.

2013-ல் அருமனை பக்கம் ஒரு மஹிந்திரா எம்எம்540 ஜீப் பார்த்தேன். புதுப் பெயிண்ட், புது ஹூட். "அண்ணே, பேச்சிப்பாறை ஏத்தம் எல்லாம் மூணாவது கியர்லயே ஏறும்ணே" என்றான் புரோக்கர். ஏறவும் செய்தது. 20,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மறுநாள் எங்கள் மெக்கானிக் ஆசானைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆசான் எஞ்சின் பக்கமே போகவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் சேசிஸ் நம்பரைத் துடைத்தார். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. கடைசி நாலு எழுத்தில் மூன்று மட்டும் கொஞ்சம் சரிந்து, ஆழம் கூடுதலாக இருந்தன. சேசிஸ் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழி. அந்த நாலு விரல் இடம் மட்டும் வழவழவென்று கிடந்தது.

"சிலேட்டை அழிச்சு எழுதியிருக்கான் மக்கா" என்றார்.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் சட்டைப்பையில் பென்சில் இருக்கிறது.

சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு, அதாவது பதிவுச் சான்றோடு, எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். அப்புறம் ஆர்சியில் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். பெட்ரோல் ஜீப்பாகப் பிறந்ததில் யாரோ ஒரு முதலாளி டீசல் எஞ்சினை ஏற்றியிருப்பார், ஆர்சி பெட்ரோலாகவே இருக்கும். எஞ்சின் மாற்ற வேண்டுமானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் ஏற்ற வேண்டும். தயாரித்த கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஒரு ஊர். ஜீப்பைப் புதிதாகவே கட்டித் தருவார்கள், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அங்கிருந்து லாரியில் வந்திறங்கும் வண்டி என்றால் நான் பேப்பரைப் பார்த்த பிறகுதான் வண்டியைப் பார்ப்பேன்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்தும் நிறைய வண்டி வருகிறது. திருவனந்தபுரத்தின் பழைய கேஎல்டி நம்பரில் ஒரு ஜீப் என்றால் எனக்கும் வாயூறும். ஆனால் அங்குள்ள ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். நாகர்கோவிலில் டிஎன் 74, மார்த்தாண்டத்தில் டிஎன் 75 வாங்கும் அலைச்சலும் வரியும் நம் கணக்கு, அதை விலையில் கழியுங்கள். "இப்ப ஓட்டுங்க, பேப்பரைப் பிறகு பாத்துக்கலாம்" என்பதை நம்பாதீர்கள். வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே நம்பர் எடுத்தே ஆக வேண்டும்.

ரொம்பப் பழைய வண்டிகளின் விவரம் பல நேரம் கம்ப்யூட்டரில் ஏறியே இருக்காது. வண்டி நம்பரை அரசின் பரிவாகன் இணையதளத்தில் அடித்துப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால், விற்பவர் அதை ஏற்றித் தந்த பிறகுதான் பாக்கிப் பணம். 15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய இலகுரக வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

சரி, எந்த வண்டி? வேலைக்கும் வேண்டும், வீட்டாரும் ஏற வேண்டும் என்றால் எம்எம்540. அதன் 2.1 லிட்டர் பியூஜோ டீசல் எஞ்சின் சாதுவானது. சாமானும் கிடைக்கும், பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைக்கும். மலையேறி விளையாடத்தான் என்றால் மாருதி ஜிப்சி. 1985-ல் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி எஞ்சின், 1996-க்குப் பிறகு வந்த கிங்கில் 1.3 லிட்டர். வாங்குவதானால் கிங். மனசுக்காக என்றால் சிஜே3பி என்கிற பழைய வில்லிஸ் ஜீப். அதன் எஃப் ஹெட் பெட்ரோல் எஞ்சின் உயரமானது, அதற்கு இடம் விட்டு போனட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அதனால்தான் அந்தத் தூக்கிய மூக்கு. இதைத்தான் "உலகப்போர் ஜீப்" என்று விலையேற்றி விற்பார்கள். வில்லிஸ் சிஜே3பி 1953-ல் வந்தது, போர் முடிந்ததோ 1945-ல். முன் கிரில்லில் இருக்கும் நீளத் துளைகளை எண்ணிப் பாருங்கள்: போர் ஜீப்புக்கு 9 கண், இதற்கு 7. எண்ணத் தெரிந்தாலே ஒரு லட்சம் மிச்சம்.

பார்க்கப் போகும் நாள் மழைநாளாக இருந்தால் நல்லது. நான் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பெய்யும்போதுதான் போவேன். எங்கே ஒழுகுகிறது, எந்த வயர் சாகிறது எல்லாம் தானாகத் தெரியும், விற்கிறவரும் விலையில் கொஞ்சம் இறங்குவார். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் காலுறைக்குள் போட்டு எடுத்துப் போங்கள். பாடியில் வைத்து நகர்த்தினால், தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும், பட்டி அப்பிய இடத்தில் நழுவும். ஒருமுறை பின்சக்கரத்தின் மேலே ஒரு முழம் நீளத்துக்குப் பிடிக்கவே இல்லை. உள்ளே சாக்குத்துணியை அடைத்து, அதன்மேல் பட்டி பூசியிருந்தான்.

குளச்சல், முட்டம் பக்கத்து வண்டியென்றால் கீழே படுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். உப்புக்காற்று வெளியே தெரியாது, சேசிஸின் உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும். பாடி சேசிஸில் உட்காரும் இடங்கள், ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடங்கள், குறுக்குச் சட்டம் இவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் வந்த வழியே திரும்புங்கள். முட்டத்தில் ஒரு வள்ளக்காரத் தாத்தா, வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயைச் சேசிஸுக்குப் பூசச் சொன்னார். பூசினேன். துரு நின்றது. ஆறு மாதம் ஊர் நாய்கள் எல்லாம் என் வண்டி பின்னால்தான்.

இனி சாவியை வாங்கலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை வெறியோடு வந்தால் பிஸ்டன் ரிங் போச்சு, அந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். நாலு சக்கர ஓட்டத்துக்கான லிவரை லோவில் போட்டு ஒரு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள், லிவர் துள்ளி வெளியே வந்தால், அந்த ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கு வேலை இருக்கிறது. மூன்று கியர் சிஜேயில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டால் கர்ரென்று கத்துவது குறையில்லை. பல்லோடு பல் சத்தமில்லாமல் சேர வைக்கும் சிங்க்ரோ அந்தக் கியருக்குக் கிடையாது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் பெயிண்ட் கலர் பற்றித்தான் பேச்சு. அது கடைசி வேலை. முதல் வேலை பிரேக். பழைய சிஜேயில் பிரேக் ஆயில் ஒரே சுற்று. ஒரு பைப் ஓட்டையானால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை, கோதையாறு இறக்கத்தில் அதை நினைத்துப் பாருங்கள். பைப், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பிறகு சேசிஸ், ஆக்சில், எஞ்சின், வயரிங். அதற்குப் பிறகுதான் டிங்கரிங். சிஜே3பியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. வெல்டிங் ஆள் வருவதற்கு முன்னால் அதைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். "காலி டேங்க்தானே" என்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள், காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, எங்கே கழற்றியது என்று சீட்டு ஒட்டுங்கள். வில்லிஸ் வழி வந்த போல்ட்டெல்லாம் இஞ்ச் கணக்கு, பியூஜோ எஞ்சினில் மில்லிமீட்டர். 13-ம் நம்பர் ஸ்பானரை அரை இஞ்ச் போல்ட்டில் போட்டுத் திருகி முனை மழுங்கிய கதை எங்கள் ஷெட்டில் நிறைய. பெயிண்டுக்கு தை முதல் பங்குனி வரை. நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சின் ஓடவில்லை என்று இரும்புக்கடையில் போடாதீர்கள். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். நம்பரில் விஏ என்று வரும், 10 வருடத்துக்கு 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினமும் சந்தைக்குப் போக முடியாது. கம்பெனி எஞ்சினோடு நிற்கும் சிஜேக்கு எந்த மூலையிலிருந்தும் ஆள் வரும். நான் ஒரு எஃப் ஹெட்டை 2009-ல் கிலோ கணக்கில் விற்றேன். வீட்டில் பேசாத இரண்டில் ஒன்று அது.

இன்னொன்று விற்றதில் வந்த வினை. திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு பையன் "சேட்டா, அடுத்த வாரம் பேர் மாத்திடுவேன்" என்றான். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து, கல் ஏற்றிப் பிடிபட்ட வண்டி என்று ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன். ஆர்சியில் யார் பேரோ அவர்தான் உடைமையாளர். விபத்து நஷ்டஈட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டியை விற்றதை, மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் முழுக்க நிரப்பிய பிறகுதான் என் கையெழுத்து. டெலிவரி சீட்டில் தேதியோடு மணியும் எழுதுவேன். வாங்குபவரை நானே முன்சீட்டில் உட்காரவைத்து ஆர்டிஓ ஆபீஸுக்கு ஓட்டிப் போகிறேன். ரசீது கைக்கு வரும்வரை வண்டிச் சாவி என் வேட்டி மடியில்தான்.