கயாக்கை லாண்ட்மாஸ்டரில் ஏற்றும் விதம்: என் அனுபவம்

கிளிநொச்சியிலிருந்து இரணைமடுக் குளத்துக்கு என் பிளாஸ்டிக் கயாக்கை (துடுப்புப் போடும் சிறு படகை) பக்கத்து வீட்டு அண்ணையின் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில்தான் கொண்டுபோகிறேன். ஏ9 வீதியில் ஒரு கரைச்சலும் இல்லை. கிறவல் வீதியில் இறங்கியதும் கயாக்கைக் கட்டிய பட்டி தளர்ந்துவிடும், அடிப்பகுதி இடிபட்டுக் குழி விழும். வெயிலில் பிளாஸ்டிக் இளகுவதால், இறுக்க இறுக்கக் குழி ஆழமாகும்.

இப்போது கவிழ்த்தே ஏற்றுகிறேன். பக்க விளிம்புகள் அடிப்பகுதியைவிடப் பலமானவை. பெட்டிக்குக் குறுக்கே இரண்டு பனஞ்சலாகை போட்டு, பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்காது. முன்முனையையும் பின்முனையையும் தனிக் கயிற்றால் கட்ட வேண்டும், இதை விடவே கூடாது. விழுந்த குழியில் சுடுநீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் நிமிரும்.

குளத்தில் தலையிடி நங்கூரம். சோளகம் (தென்மேல் காற்று) வீசும்போது நடுவில் கட்டினால் கயாக் காற்றுக்குக் குறுக்கே திரும்பிக் கவிழப் பார்க்கும். அதனால் இரு முனையிலும் கப்பி பூட்டி, இடையே கயிறு ஓடவிட்டு, அதில் ஒரு வளையம் கோத்தேன். நங்கூரக் கயிறு அந்த வளையத்தினூடாகப் போகிறது. இருந்த இடத்திலிருந்தே வளையத்தை முனைக்கு இழுத்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. நங்கூரக் கயிற்றின் முடிச்சு மட்டும் ஒரே இழுவையில் அவிழ்வதாக இருக்கட்டும்.

அப்புறம், வன்னிக் குளங்களில் முதலை உண்டு. பிடித்த மீனைத் தண்ணீரில் தொங்கவிடாமல் மூடியுள்ள பெட்டியில் போடுங்கள்.