ஊருக்குத் திரும்பும் தாதியரைத் தெரிவு செய்வதும் பயிற்றுவிப்பதும்

திருகோணமலை மாவட்டத்தின் வெருகலிலோ புல்மோட்டையிலோ பிறந்த பிள்ளை தாதியாகி ஊர்ப்பக்கமே பணியாற்ற வேண்டுமானால், அதற்கான ஏற்பாட்டை அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவுடனேயே தொடங்க வேண்டும். தாதியர் பயிற்சிக்குச் செல்ல உயர்தர விஞ்ஞானப் பிரிவே முதன்மையான வழி. கிராமப் பாடசாலைகள் பலவற்றிலோ அப்பிரிவே இல்லை. ஆகவே திருகோணமலை நகரில் தங்கிப் படிக்க இரண்டு ஆண்டுகள் உதவுவதுதான் உண்மையான முதற்படி.

கிராமப் பின்னணி உள்ள மாணவரைச் சேர்க்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2010இலும் 2021இலும் பரிந்துரைத்தது. அந்தப் பின்னணியை அடையாள அட்டையின் முகவரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பிள்ளை எங்கே படித்து வளர்ந்தார் என்பதை அவ்வூர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். செல்வாக்குள்ளோரின் சிபாரிசுக் கடிதங்களைக் கோப்பில் சேர்க்கவே வேண்டாம்.

நேர்முகத்தில், “மாரி மழை இரவில் உங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைப்பதாக எல்லோரும் சொல்வார்கள். ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமென்பதால் வண்டியைக் கோயிலடிச் சந்தியில் நிற்கச் சொல்லி, இன்னாருடைய உழவு இயந்திரத்தில் அவளை அங்கே கொண்டு சேர்ப்பேன் என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள். பரீட்சைப் புள்ளி சற்றுக் குறைந்திருந்தாலும் அவர் படித்துக்கொள்வார்.

பயிற்சியின் முதலாண்டிலிருந்தே கிராமப்புற வைத்தியசாலைகளில் சில வாரங்கள் தங்கிப் பழகச் செய்ய வேண்டும். வயல்வேலைக் காலத்தில் புடையன் பாம்பு கடித்து ஒருவர் வந்தால், மாணவி செய்து பார்க்க வேண்டிய பரிசோதனை மிக எளியது: சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் நாளத்திலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தை விட்டு, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்து, பின் ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு உறைதலைக் கெடுத்துவிட்டது என்று கொண்டு வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும். சவர்க்காரமிட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பொய்யான முடிவைத் தரும் என்பதை அவர் கையால் செய்தே உணர வேண்டும்.

நம் மாவட்டத்தில், தாதி திரும்பிச் சேவை செய்யும் சொந்தச் சமூகம் என்பதைச் சொந்த இனம் என்று சுருக்கிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. மூதூர் வைத்தியசாலை வாட்டில் சம்பூர் மூதாட்டியும் தோப்பூர் உம்மாவும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பார்கள். எனவே தமிழ் மாணவியைக் கிண்ணியாவுக்கும் முஸ்லிம் மாணவியைச் சம்பூருக்கும் அனுப்புங்கள். கந்தளாய், சேருவில நோயாளரோடு பேசுமளவு சிங்களமும் கற்பியுங்கள். நோயாளி நீரிழிவைச் ‘சீனி வருத்தம்’ என்று சொன்னால், அதே சொல்லில் உணவு முறையை விளக்கப் பழக்குங்கள்.

ஊரிலேயே சேவை செய்வதாகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது பயன் தரலாம். அதுமட்டும் எவரையும் நிறுத்தி வைக்காது. முதல் நியமனத்துக்கு முன்பே பாதுகாப்பான விடுதி அறையையும், இரவுக் கடமையில் சந்தேகம் எழுந்தால் தொலைபேசியில் கேட்கக்கூடிய அனுபவமுள்ள ஒரு மூத்த தாதியையும் ஒழுங்கு செய்துவிட்டு, முதல் மாதத்துக்குள் நீங்களே ஒருமுறை நேரில் சென்று பாருங்கள்.