பத்துக் கால் கனெக்டருக்கு ஃபுட்பிரிண்ட் வரையும்போது

தக்கலையில் சிறு பட்டறை வைத்து, குளச்சல் வள்ளங்களின் விளக்குகளுக்கு சார்ஜர் போர்டு செய்து கொடுக்கிறேன். முதன்முதலில் அடித்து வாங்கிய முப்பது போர்டுகளில் ஒன்றில்கூடப் பத்துக் கால் கனெக்டர் இறங்கவில்லை. ஓரக் கால்கள் இரண்டும் துளை விளிம்பில் முட்டி நின்றன. தவறு நான் வரைந்த ஃபுட்பிரிண்டில், அதாவது கனெக்டர் உட்காரும் துளைகளையும் செம்பையும் போர்டில் குறிக்கும் படத்தில்.

அந்தக் கனெக்டர் ஜேஎஸ்டி நிறுவனத்தின் எக்ஸ்ஹெச் வகை. காலுக்குக் கால் 2.5 மி.மீ. நான் வைத்ததோ 2.54, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு கால் கனெக்டரில் அந்த 0.04 தெரியவே தெரியாது. பத்துக் காலில் ஒன்பது இடைவெளி, 0.36 மி.மீ. சேர்ந்துவிடுகிறது. ஆகவே போர்டு வரையும் மென்பொருளான கீகேடில் ஃபுட்பிரிண்ட் எடிட்டரைத் திறந்ததும் கிரிட்டை, அதாவது திரையில் உள்ள கட்டங்களின் இடைவெளியை, 2.5 ஆக மாற்றுங்கள். முதல் காலை எடிட்டரின் (0,0) புள்ளியில் வைத்து, அதன் பேடை (துளையைச் சுற்றியுள்ள செம்புப் பரப்பை) மட்டும் சதுரமாக்குங்கள்.

அடுத்தது துளை. காலை வெர்னியரில் அளந்தால் 0.64 மி.மீ. வரும். அதை நம்பி 0.8 துளை போட்டுவிடாதீர்கள். கால் சதுரம், மூலைக்கு மூலை 0.9 மி.மீ. இருக்கும். நான் 1.0 வைக்கிறேன்.

பேடை 1.7 அகலம், 2.2 நீளம் என நீள்வட்டமாக வரைகிறேன். உப்புக்காற்றில் பச்சை பிடித்த கனெக்டரைக் கழற்றி மாற்றும் வேலை எங்களுக்கு அடிக்கடி வரும். செம்பு வளையம் ஒல்லியாக இருந்தால் இரண்டாவது முறை சூடு வைக்கும்போதே போர்டிலிருந்து உரிந்து வந்துவிடுகிறது. பக்கத்துப் பேடுக்கு 0.8 மி.மீ. இடைவெளியும் மிஞ்சுகிறது.

கனெக்டரின் அளவுகள் தரும் டேட்டாஷீட்டில் உள்ள துளைப் படம் மேலிருந்து பார்த்ததா, சால்டர் பக்கமிருந்து பார்த்ததா என்று கவனியுங்கள். எடிட்டரில் நாம் பார்ப்பது மேலிருந்து. மாறிவிட்டால் முதல் கால் பத்தாம் காலாகி, பேட்டரி வயர் தலைகீழாகிவிடும்.

உடலின் வெளிக்கோட்டையும், அதைச் சுற்றி அரை மி.மீ. விட்டு கோர்ட்யார்டையும் (வேறு பாகம் நுழையக் கூடாத எல்லைக் கோட்டையும்) வரைந்து சேமியுங்கள். பிறகு நூறு சதவீத அளவில் அச்செடுத்து, ஸ்கேலால் ஒருமுறை சரிபார்த்து, தாளைத் தெர்மாகோல் துண்டின்மேல் வைத்துக் கனெக்டரை அழுத்துங்கள். பத்துக் கால்களும் பத்து வட்டங்களின் நடுவில் குத்தியிருந்தால் ஆர்டர் கொடுக்கலாம்.