முதல் பனிக்கு முன் ஒரு தொப்பி: இலையுதிர்காலப் பின்னல் வழிகாட்டி

செப்ரெம்பர் முதலாம் நாளிலிருந்து நவம்பர் முடியும் வரை 91 நாட்கள் உள்ளன. ரொறன்ரோவில் அந்த 91 நாட்களின் தொடக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு உலாவப் போகிறவர், அவற்றின் முடிவில் காதை மூடாமல் பேருந்துத் தரிப்பில் நிற்க முடியாது. பின்னுகிற பொருளுக்கான தேவை, அதைப் பின்னி முடிக்கிற வேளையிலேயே வாசலுக்கு வந்துவிடுவதால், கம்பளி நூலைக் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. ஆனால் இந்த நாட்களுக்குள் எதைப் பின்னி முடிக்கலாம் என்று கணக்கிடாமல் தொடங்குகிறவர்கள், தை பிறக்கும்போது ஒரு கை மட்டும் உள்ள ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். என் முதலாம் ஆண்டு அப்படித்தான் முடிந்தது. அந்த ஸ்வெட்டரின் மற்றக் கை இன்னும் பின்னப்படவில்லை.

ஆகவே முதலில் அளவைப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்கு நடுத்தரத் தடிப்புள்ள நூலில் 1,000 மீற்றருக்கு மேல் தேவைப்படும். கழுத்துச் சால்வை ஒன்றுக்கு 300 மீற்றருக்கு மேல் வேண்டும். தொப்பிக்கோ 100 கிராம் உருண்டை ஒன்றே போதும். மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற புதியவர், செப்ரெம்பரில் குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் முறை) சதுரங்கள், ஒக்ரோபரில் தொப்பி, நவம்பரில் கையுறை என்று சிறியவற்றையே எடுத்துக்கொள்வது நல்லது. சால்வையே முதற்பொருளாக இருக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே வரியை ஒன்றரை மீற்றர் நீளத்துக்குத் திரும்பத் திரும்பப் பின்னும்போது கற்பது குறைவு, சலிப்பு அதிகம்.

ஊசிப் பின்னலுக்கும் குரோஷேக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் எதை எப்போது எடுப்பது என்பது தெளிவாகும். ஊசிப் பின்னலில் ஒரு வரியின் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் திறந்தபடியே இருக்கும். ஒன்று நழுவினால் அது கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கி ஊசியில் இருப்பதால், வேலையை எந்த இடத்திலும் நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டு இறங்கலாம். ஊசிப் பின்னல் துணி நெகிழ்ந்து கொடுப்பதால் தலைக்கும் கைக்கும் கழுத்துக்கும் ஏற்றது. குரோஷே துணி சற்றுத் தடித்து, வடிவம் கலையாமல் நிற்பதால் போர்வைக்கும் பைக்கும் பொருந்தும். வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589இல் ஊசிப் பின்னலுக்கு இயந்திரம் செய்துவிட்டார். உண்மையான குரோஷேயைப் பின்னும் ஆலை இயந்திரம் இன்றுவரை இல்லை. கடையில் மலிவு விலையில் தொங்கும் குரோஷேச் சட்டையையும் யாரோ ஒருவர் கையாலேதான் பின்னியிருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

நூலைத் தெரிவு செய்வதில் அவசரம் கூடாது. செம்மறியாட்டுக் கம்பளியின் இழைகள் சுருண்டவை. அந்தச் சுருள்களுக்கிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது என்பதால், மழையும் பனியும் கலந்து விழும் நவம்பருக்கு அதற்கு இணை இல்லை. சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினால் இழைகளின் மேலுள்ள செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, தொப்பி பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தச் செதில்கள் பற்றாதபடி பதப்படுத்தப்பட்ட ‘சூப்பர்வொஷ்’ கம்பளி இயந்திரச் சலவையைத் தாங்கும். பிள்ளைகளுக்குப் பின்னுகிறவர்கள் அதையே வாங்குவது நல்லது. அக்ரிலிக் நூல் மலிவானது, பழகுவதற்குப் போதுமானது. அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை மட்டும் வைக்கக் கூடாது. பருத்தி நூல் நெகிழாது என்பதால் தொப்பிக்கு ஆகாது.

உருண்டையைச் சுற்றியுள்ள தாளில் சாயத் தொகுதி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே நிறம், ஒரே பெயர் என்று நம்பி வேறு தொகுதியின் உருண்டையைச் சேர்த்தால், கடை வெளிச்சத்தில் தெரியாத வேறுபாடு பகல் வெளிச்சத்தில் ஒரு கோடாகத் தெரியும். தேவையான உருண்டைகள் அனைத்தையும் ஒரே தடவையில், ஒரே இலக்கத்தில் வாங்கிவிட வேண்டும். முதல் வேலைக்கு வெளிர் நிறமே ஏற்றது. கறுப்பு, கருநீல நூல்களில் கண்ணியைத் தேடுவது அனுபவமுள்ளவர்களுக்கே சிரமம்.

ஊரில் பின்னல் கற்றவர்களும், அம்மாவின் ஊசிகளைப் பெட்டியில் கொண்டுவந்தவர்களும் இங்கே ஓர் இடறலைச் சந்திப்பார்கள். பழைய பிரித்தானிய ஊசியில் 8 என்ற இலக்கம் 4 மில்லிமீற்றரைக் குறிக்கும். அமெரிக்க ஊசியில் அதே 8 என்பது 5 மில்லிமீற்றர். பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். குரோஷேயில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம்: அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைப் பிரித்தானியர் ‘டபிள் குரோஷே’ என்கிறார்கள், அமெரிக்கரின் ‘டபிள்’ பிரித்தானியரின் ‘ட்ரெபிள்’. கனடாவில் கிடைக்கும் பின்னற் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்க முறையில் இருக்கும். குறிப்பில் ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை என்று கொள்ளலாம், ஏனெனில் இன்றைய பிரித்தானிய முறையில் அந்தச் சொல் வழக்கில் இல்லை. ஊசியை வாங்கும்போது இலக்கத்தை விட்டுவிட்டு மில்லிமீற்றரைப் பார்ப்பதே பாதுகாப்பு.

இனிச் செப்ரெம்பர் வேலைக்கு வருவோம். குரோஷேச் சதுரம் ஒன்றுக்கு நான்கு சங்கிலிக் கண்ணிகளைப் போட்டு, முதற் கண்ணியில் இணைத்து வளையமாக்க வேண்டும். மூன்று சங்கிலிகள் எழுப்பி அவற்றை ஒரு நெட்டைக் கண்ணியாகக் கொண்டு, அதே வளையத்துக்குள் மேலும் இரண்டு நெட்டைக் கண்ணிகளைப் பின்னினால் மூன்று கொண்ட ஒரு கொத்து கிடைக்கும். (நெட்டைக் கண்ணி என்று நான் சொல்வது அமெரிக்கரின் ‘டபிள்’.) பிறகு இரண்டு சங்கிலி, மூன்று நெட்டைக் கண்ணி என்று இன்னும் மூன்று முறை செய்து, கடைசியில் இரண்டு சங்கிலி போட்டுத் தொடக்கத்தோடு இணைத்தால் நான்கு கொத்துகளும் நான்கு மூலைகளும் அமையும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் ஒரு கொத்து, இரண்டு சங்கிலி, மீண்டும் ஒரு கொத்து. பக்கங்களில் உள்ள இடைவெளிகளில் ஒரு கொத்து மட்டும். இதற்கு மேல் கற்க வேண்டியது எதுவும் இல்லை. விரும்பிய அளவு வரும் வரை சுற்றுகளைக் கூட்டலாம். 10 சென்ரிமீற்றர் சதுரங்களால் 100க்கு 120 சென்ரிமீற்றர் போர்வை செய்ய 120 சதுரங்கள் வேண்டும். நாளுக்கு ஒன்று பின்னினாலும் மார்கழி வந்துவிடும். 70க்கு 80 என்ற குழந்தைப் போர்வைக்கு 56 போதும். ஒவ்வொரு சதுரமும் முடிந்தவுடன் நூல்முனையை உள்ளே கோர்த்து மறைத்துவிட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள், நூற்றுக்கு மேற்பட்ட முனைகளோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க நேரும்.

ஒக்ரோபரில் தொப்பி. இங்குள்ளவர்கள் ‘டூக்’ என்று சொல்லும் தொப்பி இதுதான். அதற்கு முன் மாதிரித் துண்டு ஒன்று பின்ன வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும். 5 மில்லிமீற்றர் ஊசியில் நடுத்தர நூலைக் கொண்டு 28 கண்ணிகள் போட்டு, ஏறக்குறையச் சதுரமாகும் வரை பின்னி, தொப்பியை எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே கழுவிக் காயவைத்து, நடுவில் 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ண வேண்டும். 18 வந்தால் சரி. 56 சென்ரிமீற்றர் தலைக்கு 96 கண்ணிகள் போட்டால் சுற்றளவு 53 சென்ரிமீற்றராக அமைந்து, சற்று இழுத்துப் பிடித்து நிற்கும். உங்கள் கை இளக்கமானது, 16 கண்ணிகள்தான் வருகின்றன என்றால், அதே 96 கண்ணிகள் 60 சென்ரிமீற்றராக விரிந்து, தொப்பி கண்ணை மறைக்கும். இரண்டே இரண்டு கண்ணிகளின் வேறுபாடு இது. கண்ணிகள் குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும், கூடுதலாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறுங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முயன்றால், நாலாவது வரியில் கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

40 சென்ரிமீற்றர் நீளமுள்ள வட்ட ஊசியில் (வளையும் வடத்தால் இணைக்கப்பட்ட இரு ஊசிமுனைகள்) 96 கண்ணிகளைப் போடுங்கள். நீண்ட வால் விட்டுக் கண்ணி போடுகிறவர்கள், எவ்வளவு வால் விடுவது என்று திண்டாட வேண்டியதில்லை: ஊசியில் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தைப் பத்து மடங்காக்கி, ஒரு முழம் கூட்டிக்கொண்டால் போதும். சுற்றை இணைக்கும் முன், கண்ணிகளின் அடி விளிம்பு ஊசியைச் சுற்றி எங்கும் முறுகாமல் உட்பக்கம் பார்த்து நிற்கிறதா என்று மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். முறுகிய சுற்றைப் பின்னால் திருத்த வழியே இல்லை, முழுவதையும் அவிழ்க்கத்தான் வேண்டும். சுற்றின் தொடக்கத்தில் வேறு நிற நூலால் ஒரு முடிச்சு வளையத்தை ஊசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 5 சென்ரிமீற்றருக்கு இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பேர்ள் (அதன் மறுபுறம் முன்னே தெரியும் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் பின்னினால் காதைப் பிடிக்கும் நெகிழ்ந்த விளிம்பு கிடைக்கும். அதன்பின் விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை எல்லாக் கண்ணிகளும் நிட். பேசிக்கொண்டும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டும் பின்னக்கூடிய பகுதி இது. கை தானாகவே ஓடுவதை முதன்முறையாக உணர்வதும் இங்கேதான். உச்சிக்குக் கவனம் வேண்டும். பத்து நிட், அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நிட் என்று சுற்று முழுவதும் எட்டு முறை செய்தால் 88 கண்ணிகள் எஞ்சும். அடுத்த சுற்று குறைக்காமல் நிட். பிறகு ஒன்பது நிட், இரண்டு சேர்த்து ஒன்று; மீண்டும் குறைக்காத சுற்று. இவ்வாறு 48 கண்ணிகள் ஆகும் வரை ஒன்றுவிட்ட சுற்றிலும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து, எட்டுக் கண்ணிகள் மிஞ்சியதும் நூலை வெட்டித் தையலூசியில் கோர்த்து, அந்த எட்டின் ஊடாகவும் இழுத்து இறுக்கி முடியலாம். கண்ணிகள் குறையும்போது வட்ட ஊசி எட்டாமல் போகும்; அப்போது இருமுனை ஊசிகளுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இடையில் கண்ணி நழுவினால் பதற்றம் வேண்டாம். நழுவிய கண்ணி ஏணிப்படிகளைப் போன்ற குறுக்கு நூல்களை விட்டுவிட்டுக் கீழே நிற்கும். குரோஷே ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலுள்ள குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்து மேலே ஏற்றினால் காயம் தெரியாமல் ஆறிவிடும். ஊசிப் பின்னல் மட்டுமே செய்கிறவர்களின் பையிலும் ஒரு கொக்கி ஊசி கிடப்பது இதற்காகவே.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கி வைக்கப்பட்டதும், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலையிலிருந்து வருகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் பின்னுவது அத்தோடு முடிந்தது. இடது தோளுக்கு மேலிருந்து விழும் ஒரு வெண்விளக்கு இல்லாவிட்டால் கண் களைத்துப்போகும். தொப்பியில் பழகியவர், அதே சுற்றுப் பின்னலில் விரல்கள் பிரிக்கப்படாத கையுறையைத் தொடங்கலாம். கனடாவின் கிழக்கோரத்தில் நியூபவுண்ட்லாந்து மக்கள், சில கண்ணிகளுக்கு ஒருமுறை நூற்காத கம்பளித் திரள் ஒன்றைக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுவார்கள். வெளியே அது சிறு புள்ளியாகத் தெரியும். உள்ளே கை முழுவதும் பஞ்சுக்குள் இருக்கும். அங்குள்ள மீனவர் குளிருக்கு ஏற்ற அந்தக் கையுறை, ஸ்காபரோவில் பனி வழிக்கிறவருக்கும் பொருந்தும். அதையும் முடித்துக் காலுறைக்குப் போகிறவர்கள், விரல்பக்கத்தைத் தையல் தெரியாமல் மூடும் ‘கிச்சனர்’ முறையைக் கற்க வேண்டிவரும். முதலாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் படைத்தலைவரின் பெயரைக் கொண்ட முறை அது. பெர்லின் என்றிருந்த ஒன்ராறியோ நகரம் 1916இல் கிச்சனர் என்று மாறியதும் அவர் பெயரால்தான்.

தொடர்ந்து பின்னினால் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை வேலையைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, தோளைச் சுழற்ற வேண்டும். ‘இந்த வரியை முடித்துவிட்டு எழும்புகிறேன்’ என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், நான் உட்பட.

முடிந்த தொப்பியை இளஞ்சூடான நீரில், கம்பளிக்கான சலவைத் திரவம் சில துளிகள் விட்டு, கசக்காமல் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். எடுத்துப் பிழியக் கூடாது. துவாய்க்குள் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தி நீரை எடுத்துவிட்டு, தலையின் பருமனுள்ள ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு, சூடேற்றிக்கு அருகில் வைக்காமல் காயவிட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டுவிடும். ஏறுமாறாக இருந்த கண்ணிகள் இந்த ஊறலில் ஒன்றோடொன்று இணங்கிச் சமப்படும். அதுவரை குறையாகத் தெரிந்த பல வரிகள், காய்ந்த பின் தேடினாலும் அகப்படுவதில்லை.