டக்காவோ மலையில் இலை சிவக்கும்போது

டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து கெய்யோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மலையடிவார நிலையமான டக்காவோசங்குச்சி வந்துவிடலாம். மலை 599 மீட்டர்தான். ஆனால் மேப்பிள் சிவக்கும் நவம்பர் பிற்பாதியில், விடுமுறை நாளென்றால் கேபிள் கார் வரிசையிலேயே காலைப்பொழுது போய்விடும். எட்டு மணிக்குள் போய், ஓடையோரமாகச் செல்லும் 6ஆம் பாதையில் ஏறுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம். முடிவுக்குச் சற்று முன் ஓடைக்குள்ளேயே கல் கல்லாகத் தாண்ட வேண்டும், தேய்ந்த ஷூ கட்டாயம் வழுக்கும். முந்தின நாள் மழையா? தளம் போட்ட 1ஆம் பாதையே மேல்.

இறங்குவதற்கும் அதுதான்: யாகுவோயின் கோயிலையும் பார்த்துவிடலாம். நவம்பர் இறுதியில் நாலரைக்கே சூரியன் மறையும், மரநிழலில் இன்னும் சீக்கிரம் இருட்டும். இரண்டரைக்குள் உச்சியை விட்டுக் கிளம்புங்கள். குப்பைக்கு ஒரு பை அவசியம்.